டாக்டர் சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

அம்மா, மகளை இன்னொரு வருடம் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு உட்கார வைப்பதா, வீட்டை அடமானம் வைத்து ஒரு சீட்டை வாங்கிவிடுவதா என்று கேட்டீர்கள். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் வெறும் ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. இரண்டுமே வேண்டாம்.

உங்கள் மகள் என்னிடம் தனியாகப் பேசினாள். நோயாளிகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. விழுங்கிய மாத்திரை எங்கே கரைகிறது, தலைவலி மாத்திரைக்குத் தலை இருக்கும் இடம் எப்படித் தெரியும் என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டர் ஆசை அவள் பெரியப்பாவுடையது. கடனை அடைக்கப்போவதும், பிடிக்காத வேலையில் ஆயுளைக் கழிக்கப்போவதும் அவர் இல்லை.

அவள் கேட்ட கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. பார்மசி படிப்புக்குள் வரும் பார்மசூட்டிக்ஸ், அதாவது மருந்தை உடலுக்குள் கொண்டுசேர்க்கும் வழியை வடிவமைக்கும் பிரிவு. பார்மசி என்றதும் மருந்துக்கடைதான் உறவினர்கள் கண்ணில் தெரியும். நான் சொல்வது ஆய்வகத்தை. அதிலும், தாவரப் பொருள்களிலிருந்து மருந்து சுமக்கும் நானோ துகள்களை, அதாவது கண்ணுக்கே தெரியாத மிகச்சிறு துகள்களை, செய்யும் வேலையை.

மஞ்சளில் உள்ள கர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது. வாய்வழியாகக் கொடுத்தால் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம். மக்காச்சோளத்தில் ஒரு புரதம் உண்டு. அதுவும் தண்ணீரில் கரையாது, ஆனால் தண்ணீர் கலந்த ஆல்கஹாலில் கரையும். இரண்டையும் அந்த ஆல்கஹாலில் சேர்த்துக் கரைத்து, வேகமாகச் சுழலும் தண்ணீரில் மெல்ல விட்டால், ஆல்கஹால் தண்ணீரோடு கலந்துபோகும். கரைந்து நிற்க வழியில்லாத புரதம் சின்னஞ்சிறு உருண்டைகளாகச் சுருளும், கர்குமினையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். தெளிவாக இருந்த திரவம் மஞ்சள் கலந்த பால்போல் கலங்கும்.

உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான். லேசர் ஒளியைப் பாய்ச்சித் துகளின் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஊசிவழியாகச் செலுத்தும் துகள் 10 நானோமீட்டருக்கும் கீழே இருந்தால் சிறுநீரகம் வடிகட்டிவிடும். 200ஐத் தாண்டினால் பெரும்பாலும் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். சில வாரம் வைத்திருந்தால் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றனவா, இரைப்பை அமிலத்தில் எவ்வளவு மருந்து வெளியே வருகிறது, இப்படி ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது.

இது காகிதத்தோடு நின்றுபோன கனவும் இல்லை. 1995ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் என்ற புற்றுநோய் மருந்தின் நானோ உறையில் பெரும்பங்கு சோயாவிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய கொழுப்புப் பொருள். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்தை அது பொதிந்து வைப்பதால் அந்தப் பாதிப்பு குறைகிறது. 2023ல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்த ஆர்21 மலேரியா தடுப்பூசியில், நோய் எதிர்ப்பைத் தூண்டச் சேர்க்கும் நானோ துகள்கள் கில்லாஜா என்ற மரத்தின் பட்டையில் உள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருளோடு கொழுப்புப் பொருள்களைச் சேர்த்துச் செய்தவை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்து, ஒரு கிருமியின் மேல் ஊற்றிப் பார்த்து, கட்டுரை எழுதியதோடு முடித்துக்கொள்ளும் இடங்கள் நிறைய உண்டு. கர்குமினைப் பற்றியும் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த நல்ல முடிவுகள் மனிதர்களிடம் அப்படியே நிலைக்கவில்லை. இதை மறைக்காமல் பேசும் ஆசிரியரிடம் அவள் சேர வேண்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது துகளின் அளவைப் பார்க்கும் கருவி இருக்கிறதா, இளநிலை மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று கேளுங்கள். கட்டடத்தின் அழகைப் பார்க்க வேண்டாம்.

செலவு விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். நன்கொடை கேட்கும் இடம் வேண்டாம். முதுநிலை முடித்ததும் மருந்து நிறுவனங்களில் ஃபார்முலேஷன் (மருந்தை மாத்திரை, ஊசி போன்ற வடிவத்துக்குக் கொண்டுவருவது), தரக்கட்டுப்பாடு என வேலைகள் உண்டு. முனைவர் பட்டம் என்றால் உதவித்தொகை கிடைத்தால் மட்டும். கைக்காசு போட்டு வேண்டாம். ஆராய்ச்சி மெதுவாகத்தான் நகரும், சம்பளமும் சட்டென்று ஏறாது. அதை அவளிடம் இப்போதே சொல்லிவிட்டேன். தெரிந்துதான் கேட்கிறாள்.

பெரியப்பாவிடம் பேச வேண்டுமென்றால் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன். விண்ணப்பத்தை மட்டும் அவளே நிரப்பட்டும்.