பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை: கவலைப்பட வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் உண்டு. நான்கு நாட்களுக்கு முன்பு பேசிக்கொண்டிருந்தபோது வலது கையில் இருந்த தம்ளர் நழுவி விழுந்தது. ஏதோ சொல்ல முயன்றார். சொற்கள் மாறி மாறி வந்தன. சுமார் பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அன்றே எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். இளம் வயதிலிருந்தே அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. கைகளில் லேசான நடுக்கமும் இருக்கிறது. இது வலிப்பா, பக்கவாதமா, பார்க்கின்சன் நோயின் தொடக்கமா?

பதில்: உங்கள் அம்மாவுக்கு வந்தது பெரும்பாலும் தற்காலிகப் பக்கவாதமாகவே, அதாவது மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் சிறிது நேரம் தடைபட்டு மீண்டதாகவே, இருக்க வேண்டும். நரம்பியல் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு அவரை இன்றே அழைத்துச் செல்லுங்கள். காரணங்களை அதன் பிறகு பொறுமையாகப் படித்துக்கொள்ளலாம்.

மூளை நோய்களைப் பிரித்தறிய, அறிகுறி என்ன என்பதைவிட அது எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதே பல நேரங்களில் கூடுதலாக உதவும். ரத்தக்குழாய் அடைபட்டால், அந்த நொடிவரை நன்றாக இருந்த கை சட்டென்று வலுவிழக்கும். ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறிகள் அப்படி வருவதில்லை. கண்முன் மின்னும் கோடுகளாகவோ விரல் நுனியில் மரமரப்பாகவோ தொடங்கி, பல நிமிடங்களில் மெல்லப் பரவி, பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் அடங்கி, பெரும்பாலும் தலைவலியைக் கொண்டுவரும். வலிப்பில் கை வெட்டி இழுப்பதும் துடிப்பதும் நினைவு தவறுவதும்தான் வழக்கம். எந்தத் துடிப்பும் இல்லாமல் பலம் மட்டும் போவது அரிது. பார்க்கின்சன் நோயும் மறதி நோயும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வருபவை. பத்து நிமிடத்தில் வந்து போகிறவை அல்ல.

நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு விவரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதையும் கவனியுங்கள். வலது கையை இயக்கும் பகுதி மூளையின் இடது பாதியில் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மொழியை ஆளும் பகுதிகளும் அதே பாதியில், அதற்கு அருகிலேயே உள்ளன. இரண்டுக்கும் ரத்தம் தருவது பெரும்பாலும் ஒரே தமனிதான். கை தளர்ந்ததும் சொற்கள் குழம்பியதும் ஒன்றாக நிகழ்ந்திருப்பதால், அந்தத் தமனியில் சிறிய ரத்தக்கட்டி ஒன்று வந்து அடைத்து, தானாகவே கரைந்திருக்கலாம் என்று கருத இடமிருக்கிறது. ரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் இதே தோற்றம் வரலாம் என்பதால், அன்று சர்க்கரை அளவு பார்க்கப்பட்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சி.டி. ஸ்கேன் முக்கியமாக மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்பதை உறுதிசெய்ய உதவுகிறது. சில நிமிடங்கள் நீடித்து விலகிய அடைப்பு அதில் தெரியாமல் போவது இயல்பு. எம்.ஆர்.ஐ. எடுத்தால், முழுவதும் குணமாகிவிட்டதாகத் தோன்றுபவர்களில் சிலருக்குக்கூட மூளையில் சிறு சேதம் இருப்பது தெரியவரும். "ஸ்கேன் நார்மல்" என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்களே என்பதுதான் எனக்கு எப்போதும் உள்ள கவலை. ஏனெனில், இத்தகைய நிகழ்வுக்குப் பின் நிலையான பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாட்களில் மிக அதிகம்; அதற்குப் பிறகும் சில வாரங்களுக்கு அது முழுமையாக விலகுவதில்லை. அறுபதைக் கடந்த வயது, சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, ஒருபக்கத் தளர்ச்சி என்று ஆபத்தைக் கூட்டும் அம்சங்கள் பலவும் உங்கள் அம்மாவிடம் சேர்ந்தே இருக்கின்றன.

மருத்துவமனையில் கழுத்துத் தமனிகளை டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) அல்லது ஆஞ்சியோகிராம் மூலம் பார்ப்பார்கள். அங்கே கொழுப்புப் படிந்து குழாய் வெகுவாகச் சுருங்கியிருந்தால் அறுவை சிகிச்சையோ ஸ்டென்ட்டோ தேவைப்படலாம். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறதா என்று ஈ.சி.ஜி. எடுப்பார்கள், தேவையானால் அதிக நேரம் தொடர்ந்து பதிவுசெய்வார்கள். காரணத்தைப் பொறுத்து மருந்து மாறும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து வேண்டும். இல்லையென்றால், ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றைத் தருவார்கள். கொலஸ்ட்ராலுக்கான ஸ்டேட்டின் மாத்திரையையும் பொதுவாகச் சேர்ப்பார்கள். ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவருவார்கள்.

நடுக்கம் வேறு விஷயம், அவசரமில்லை. பார்க்கின்சன் நோயின் நடுக்கம் பொதுவாக ஒரு பக்கத்தில், கை மடியில் ஓய்வாக இருக்கும்போது தெரியும். அதோடு அசைவுகளும் மந்தமாகும். இரு கைகளும், எதையாவது பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால், பரம்பரையாக வரும் நடுக்கமோ தைராய்டு கோளாறோ மருந்தின் விளைவோ காரணமாக இருக்கலாம்.

மீண்டும் முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். அந்த நேரத்தில் விழுங்கும் திறன் குறைந்திருக்கக்கூடும். எனவே தண்ணீரோ உணவோ தராதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேனில் தெரியும்வரை ஆஸ்பிரினும் கொடுக்க வேண்டாம்.