ஒன்றரை வயது மகனின் முதுகில் மேடு: ஹர்லர் நோயாக இருக்குமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. உட்கார வைத்தால் இடுப்புக்கு மேலே முதுகெலும்பு புடைத்துத் தெரிகிறது. ஆறாவது மாதத்தில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மூக்கு எப்போதும் ஒழுகுகிறது, ராத்திரி குறட்டை விடுகிறான். 'ஹர்லர் நோயா என்று பார்த்துவிடலாம்' என்கிறார் குழந்தை டாக்டர். நான் தாய்மாமனைக் கட்டியவள். என் பாட்டிதான் மாமியாரும். 'கொழுகொழுன்னு இருக்கான், இவனுக்கு என்ன' என்கிறார் அவர். காத்திருந்து பார்க்கலாமா?
(ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு)

பதில்: காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போங்கள்.

சளியோ குறட்டையோ குடலிறக்கமோ தனியாக வந்திருந்தால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எத்தனையோ குழந்தைகளுக்கு வருவதுதான். மூன்றும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து, கூடவே முதுகில் மேடும் தெரிவதால்தான் உங்கள் டாக்டர் யோசித்திருக்கிறார். அவரைப் பாராட்ட வேண்டும். இந்த நோய் பல வீடுகளில் வருஷக்கணக்கில் 'சளித் தொந்தரவு' என்றே பார்க்கப்படுகிறது.

உடம்பில் உள்ள நீளமான சர்க்கரைச் சங்கிலிகளை உடைத்துக் கழிக்க ஐடுரோனிடேஸ் என்ற என்சைம் வேண்டும். ஹர்லர் குழந்தைக்கு அது சுரப்பதில்லை. உடையாத சங்கிலிகள் செல்லுக்குள் தேங்குகின்றன. அதனால்தான் பிறந்தபோது நன்றாக இருக்கும் பிள்ளைக்கு மாதங்கள் போகப்போக ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கிறது. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி வயிறு முன்னுக்கு வரும். தலை பெரிதாகும், உதடும் நாக்கும் தடிக்கும். பாட்டி கண்ணுக்கு இது கொழுகொழுப்பாகத் தெரிவது இயல்புதான்.

வீட்டிலேயே சிலவற்றைப் பாருங்கள். கைகளைத் தலைக்கு மேல் முழுசாகத் தூக்க முடிகிறதா? விரல்கள் நன்றாக நீள்கின்றனவா, பாதி மடங்கியே நிற்கின்றனவா? இதில் மூட்டு வீங்காது, சுடாது, விறைத்து மட்டும் போகும். ஜன்னல் வெளிச்சத்தில் கருவிழி லேசாகப் பால் படிந்ததுபோல் இருக்கிறதா? நம் குழந்தைகளுக்கு இடுப்பில் நீலத் திட்டு சகஜம். முதுகு முழுக்கப் பரவியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்களையும் கொண்டு போங்கள். முகம் மாறிய விதம் அதில் தெரிந்துவிடும்.

பரிசோதனை கடினமில்லை. முதலில் சிறுநீர் எடுப்பார்கள். ஆனால் சிறுநீர் சரியாக இருக்கிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் என்சைம் அளவு பார்த்தால்தான் உறுதியாகும், அப்புறம் மரபணுப் பரிசோதனை.

அவசரம் ஏன் என்றால், இதற்கு எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ஸ்டெம் செல் சிகிச்சை உண்டு. இரண்டு, இரண்டரை வயதுக்குள், மூளை வளர்ச்சி பெரிதாகப் பின்தங்குவதற்கு முன் செய்தால்தான் அறிவுத்திறனைக் காக்க முடியும். எலும்புக் கோளாறு அதற்குப் பிறகும் ஓரளவு தொடரும், அதை மறைக்க விரும்பவில்லை. என்சைமை ஊசி வழியாகவும் ஏற்றலாம். அது கல்லீரலுக்கும் மூச்சுக்கும் உதவும், மூளைக்குள் போய்ச் சேராது. உங்கள் மகனுக்கு ஒன்றரை வயதுதான், இன்னும் நேரம் இருக்கிறது.

நிம்ஹான்ஸுக்கு அருகே இருக்கும் இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போங்கள். மனித மரபியல் மையத்துடன் சேர்ந்து அது அரிய நோய்களுக்கான மத்திய அரசின் சிறப்பு மையங்களில் ஒன்று. 2021 தேசியக் கொள்கையின்படி, இத்தகைய மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கேட்கலாம்.

இதற்கிடையில் காதுக்கோ, மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதைக்கோ ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், ஹர்லர் சந்தேகம் இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் வழி குறுகலாக இருக்கும். குழாய் போடுவது ஆபத்தாகலாம்.

தாய்மாமன் விஷயம். பழுதான மரபணு ஒன்றுடன் நன்றாக வாழ்கிறவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அம்மா, அப்பா இருவரிடமும் ஒரே பழுது இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது அப்படி ஒத்துப்போவது அதிகம். இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நோய் உறுதியானால், மகனுடைய மரபணுப் பழுது எது என்ற ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க அந்த ரிப்போர்ட் வேண்டும்.