கல்கத்தா யூதக் குடும்பங்களின் பழைய பதிவுகள்: கேள்வி பதில்

பாக்தாத், அலெப்போ நகரங்களிலிருந்து வந்து கல்கத்தாவில் குடியேறிய யூதர்களைப் பற்றித் தேடுபவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

கேள்வி: முதலில் வந்து குடியேறியவர் யார்?

ஷாலோம் கோஹன். அலெப்போக்காரர். சூரத்தில் வணிகம் செய்துவிட்டு 1798இல் கல்கத்தா வந்தார். பிறகு லக்னோ நவாபுக்கு நகை வணிகராகவும் இருந்தார்.

கேள்வி: ஒரே குடும்பத்தில் ஒருவர் டேவிட், ஒருவர் ஜோசப், ஒருவர் எஸ்ரா என்று வருகிறது. குடும்பப் பெயர் எது?

தேடுபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நம் முன்னெழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் அப்பா பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்குகிறோம். அவர்கள் முழுதாகவே எழுதினார்கள், அதுவும் பல தலைமுறைக்கு. எலியாஸ் டேவிட் ஜோசப் எஸ்ரா என்றால் எலியாஸின் அப்பா டேவிட், தாத்தா ஜோசப், பூட்டன் எஸ்ரா. கல்கத்தாவில் ஏராளமான கட்டடங்களுக்குச் சொந்தக்காரராக இருந்த டேவிட் ஜோசப் எஸ்ராவின் மகன் இவர். அப்பாவின் நினைவாக 1884இல் மாகென் டேவிட் ஜெப ஆலயத்தைக் கட்டியவரும் இவரே. ஆங்கிலேய எழுத்தர்கள் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எல்லாப் பதிவிலும் அப்படி இருக்காது. அதனால் சங்கிலியில் உள்ள ஒவ்வொரு பெயரின் கீழும் தேடுங்கள். ஒரு பெயரோடு நின்றுவிட்டால் பாதிக் குடும்பம் கைநழுவிவிடும்.

கேள்வி: கடைகள், நிறுவனங்களைப் பற்றி எங்கே பார்ப்பது?

தாக்கர் டைரக்டரியில் தொடங்குங்கள். வணிகர்களையும் தெருவாரியாகக் குடியிருப்போரையும் பட்டியலிட்டு ஆண்டுதோறும் வெளிவந்தது அது. ஒரு கடையின் பெயர் எந்த ஆண்டில் முதலில் தென்படுகிறது, எப்போது முகவரி மாறுகிறது, எப்போது மறைகிறது என்று வரிசையாகக் குறித்து வந்தால் ஒரு குடும்பத்தின் ஏற்ற இறக்கமே தெரிந்துவிடும். 1902இல் தொடங்கிய நஹூம் ரொட்டிக்கடை நியூ மார்க்கெட்டில் இன்றும் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய குடும்பங்கள் சில அபின் வணிகத்தில் செல்வம் சேர்த்தன. குடும்ப வரலாறு எழுதுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள்.

கேள்வி: நார்க்கெல்டாங்கா கல்லறை ஒன்றில் 5644 என்று இருக்கிறது. இது எந்த ஆண்டு?

அது யூத நாட்காட்டியின் ஆண்டு. 3760ஐக் கழியுங்கள்: 1884. யூதப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால், அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்கள் 1883இல் விழும். சில கற்களில் ஆயிரத்தை விட்டுவிட்டு 644 என்று மட்டும் பொறித்திருப்பார்கள். மாதத்தையும் சேர்த்தே படியெடுங்கள்.

கேள்வி: உயில்கள்?

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளில் வங்காள மாகாணத்து உயில்களின் நகல்கள் இருக்கின்றன. சொத்து, மகள்களின் பெயர், தர்மத்துக்கு ஒதுக்கிய தொகை எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். பெண்களின் பெயர் கிடைப்பது அரிது என்பதால் உயிலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: இப்போது கல்கத்தாவில் யாரைக் கேட்பது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களும் சேர்ந்து, ஏறக்குறைய 5,000 பேர் இருந்தார்கள். இன்று முப்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். லண்டனுக்கும் சிட்னிக்கும் இஸ்ரேலுக்கும் போய்விட்டவர்களின் பெட்டிகளில்தான் கடிதங்கள் இருக்கின்றன. கல்கத்தா ஜெப ஆலயங்களைத் தலைமுறைகளாகப் பராமரித்து வருபவர்கள் முஸ்லிம் குடும்பத்தார். அவர்களிடம் மரியாதையோடு பேசிப் பாருங்கள்.

கேள்வி: பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. எபிரேயம் தெரிந்த நண்பருக்கும் புரியவில்லை.

அது அரபு மொழியாக இருக்கும். பாக்தாத் யூதர்கள் தங்கள் பேச்சு அரபை எபிரேய எழுத்தில், அதுவும் கூட்டெழுத்தாக எழுதினார்கள். தாளை மடிக்காமல் இரு பக்கமும் படமெடுத்து, யூத அரபு படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். உறையையும் தபால் முத்திரையையும் எறிந்துவிட வேண்டாம்.