கரப்ட், டிப்ரேவ்ட், டிபோச்ட்: மூன்றும் ஒன்றா?

ஹட்டனில் உயர்தரம் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்கிறார்: corrupt, depraved, debauched என்ற மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதி 'ஒழுக்கங்கெட்ட' என்றே பொருள் தருகிறதே, எதை எங்கே எழுதுவது?

ஒன்றல்ல, தங்கச்சி. கரப்ட் என்றால் நன்றாக இருந்தது கெட்டுப்போவது. போனில் திறக்காத ஃபைலையும் அப்படித்தானே சொல்கிறோம்? காசு வாங்கிக்கொண்டு தேயிலைக் கொழுந்தின் நிறுவையை மாற்றி எழுதுபவர் கரப்ட். வீட்டில் அவர் நல்ல தகப்பனாகவே இருக்கலாம்.

டிப்ரேவ்ட் 'கோணல்' என்ற லத்தீன் வேரில் பிறந்தது. மனமே கோணிப்போனவர், குழந்தையை வதைத்து மகிழ்பவர் போன்றவருக்குத்தான் பொருந்தும். லஞ்சம் வாங்கியவரை அப்படி எழுதாதீர்கள், அது அநியாயம்.

எனக்கு மிகவும் பிடித்தது டிபோச்ட். இன்று குடியிலும் சிற்றின்பத்திலும் மூழ்கியவரைக் குறிக்கிறது. ஆனால் அதன் பிரெஞ்சு மூலச்சொல்லுக்கு, ஆளை வேலையிலிருந்து ஆசைகாட்டி இழுத்துப்போவது என்றும் ஒரு பொருள். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்து ஆட்களை இன்னொரு தோட்டத்துக்கு ஆசைகாட்டிக் கூட்டிப்போன கங்காணிமாரை நினைத்துக்கொள்ளுங்கள், சொல் மறக்காது.

இவற்றுக்கு நெருக்கமான இன்னொரு சொல் பெர்வர்ட்டட் (perverted). அதில் பாலியல் வாடை அடிக்கும். நீதியைத் திரிப்பதற்கும் அதன் வினைச்சொல்லைச் சட்டத்தில் பயன்படுத்துவார்கள்.