உப்பு மண்ணில் அஸ்திவாரம்: எந்த சிமென்ட் ஏற்றது?

கேள்வி: உப்பளங்களை ஒட்டிய எங்கள் மனையில் வீடு கட்டவிருக்கிறோம். அங்கே முன்பு கட்டிய தரைத்தொட்டியின் சுவர் வெளுத்துப் பூத்து, விரலால் கீறினாலே உதிர்கிறது. மண்ணிலுள்ள சல்பேட்தான் காரணம் என்றும், சல்பேட்டைத் தாங்கும் சிமென்ட் வாங்கினால் போதும் என்றும் கடைக்காரர் சொல்கிறார். சரிதானா?
– வாசகர் ஒருவர், வேதாரண்யம்

பதில்: காரணத்தை அவர் சரியாகவே ஊகித்திருக்கலாம், ஆனால் அவர் சொல்லும் தீர்வு உங்கள் மனைக்குப் பொருந்தாது. வெறும் உப்புப் பூப்பு துடைத்தால் போய்விடும். சுவரே உதிர்வதுதான் கவலைக்குரியது. நிலத்தடி நீரிலுள்ள சல்பேட் நுண்துளைகள் வழியே கான்கிரீட்டுக்குள் ஊறி, சிமென்டின் அலுமினேட் சேர்மங்களுடன் வினைபுரிந்து, எட்ரிங்கைட் என்னும் ஊசி போன்ற படிகங்களை உண்டாக்குகிறது. இறுகிய கான்கிரீட்டில் அவை பருக்க இடமில்லாததால் வெடிப்பு விழுகிறது. மக்னீசியம் சல்பேட்டாக இருந்தால், சிமென்டின் பிணைப்பே தளர்ந்து மாவாகிவிடும்.

சல்பேட் தாங்கும் சிமென்டில் ட்ரைகால்சியம் அலுமினேட் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர விதி. சல்பேட் மட்டும் மிகுந்த உள்நாட்டு மண்ணுக்கு அது நல்ல தேர்வு. உப்பளத்து மண்ணிலோ கம்பியை அரிக்கும் குளோரைடும் உண்டு; அதைப் பிடித்துவைப்பதும் அதே அலுமினேட்தான் என்பதால், அலுமினேட் குறைந்த சிமென்டில் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். எனவே, ஊதுலைக் கசடு (இரும்பு உருக்கும் உலையில் மிஞ்சும் கழிவு) 50 விழுக்காட்டுக்கு மேல் கலந்த ஸ்லாக் சிமென்டையே பரிந்துரைக்கிறேன். கசடு, சிமென்டில் மிஞ்சும் சுண்ணாம்பைப் பயன்படுத்திக்கொண்டு துளைகளையும் அடைக்கிறது.

சிமென்டைவிட முக்கியம் தண்ணீரின் அளவு. 50 கிலோ மூட்டைக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, 22 லிட்டரைத் தாண்ட விடாதீர்கள். கலவை இறுகுகிறதென்று கொத்தனார் இன்னொரு வாளி ஊற்றினால், அந்த நீர் வற்றிய துளைகளெல்லாம் சல்பேட்டுக்கு வாசலாகிவிடும். இளக்கம் வேண்டுமானால், தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் என்னும் வேதிப்பொருளைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்லாக் சிமென்ட் மெதுவாக வலுப்பெறுவதால், நல்ல தண்ணீரைக் கொண்டு 14 நாளாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன், மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். நீரில் சல்பேட், சல்பர் ட்ரை ஆக்சைடு கணக்கில், லிட்டருக்கு 5 கிராமைத் தாண்டினால் எந்த சிமென்டையும் தனியே நம்ப முடியாது. மண் நிரப்புவதற்கு முன்பே அஸ்திவாரத்தின் வெளிப்புறம் முழுவதும் தார்ப்பூச்சு போன்ற காப்புப் பூச்சு கொடுத்தாக வேண்டும்.