செல்லுலேஸ், எலும்பு மஜ்ஜை: கேளுங்க, சொல்கிறேன்

கே: அக்கா, பருத்தியிலும் தாளிலும் இருக்கும் செல்லுலோஸை உடைக்கும் நொதியான செல்லுலேஸ் என்று எதைத் திறந்தாலும் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையில்தான் ஆரம்பிக்கிறார்கள். உலகத்தில் வேறு பூஞ்சையே இல்லையா?

நிறைய இருக்கிறது, ஆனால் இது ராணுவம் கொடுத்த வாழ்வு. இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மட்கி ஓட்டையாகிப் போக, எது தின்கிறது என்று தேடியதில் சிக்கிய ஒன்று இது. அமெரிக்காவின் நேட்டிக் ராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸும் மேரி மாண்டெல்ஸும் இதை வைத்து வருடக்கணக்கில் வேலை செய்தார்கள், 1977இல் ரீஸின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். முதலில் துணியைக் காப்பாற்றத்தான் ஆராய்ச்சி; அப்புறம்தான் அதே நொதியால் கழிவைச் சர்க்கரையாக்கலாமே என்ற ஆசை வந்தது.

கே: வடிதாளை நொதி எவ்வளவு கரைக்கிறது என்று அளக்கும் ஃபில்டர் பேப்பர் அசே செய்கிறேன் மேடம். ஒரே நொதி, நேற்று ஒரு மதிப்பு, இன்று இன்னொன்று. எங்கே தப்பு?

ஒரே ஒரு நீர்ப்பு போட்டு, வந்த எண்ணை நீர்ப்பு மடங்கால் பெருக்குகிறீர்களா? பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஐஐடி டெல்லியின் டி.கே. கோஷ் 1987இல் எழுதிய முறையில் விஷயமே வேறு. வாட்மேன் 1 தாள், 1×6 செ.மீ., சுமார் 50 மி.கி., பிஎச் 4.8, 50 டிகிரி, 60 நிமிடம். இதில் சரியாக 2 மி.கி. குளுக்கோஸ் வெளிவரும் நீர்ப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், அதாவது தாளில் 4 சதவீதம்தான் கரைந்திருக்கும். நொதியை இரண்டு மடங்கு ஊற்றினால் சர்க்கரை இரண்டு மடங்கு வராது, அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. 2 மி.கி.க்குக் கொஞ்சம் மேலே ஒன்று, கொஞ்சம் கீழே ஒன்று என்று இரண்டு நீர்ப்பாவது வேண்டும். நடுவில் கோடு போட்டு, சரியாக 2 மி.கி. தரும் நொதியின் செறிவை எடுத்து, 0.37ஐ அதால் வகுங்கள்; வருவதுதான் நொதியின் வலிமை.

இன்னொன்று, தாளைச் சுருட்டிக் குழாயில் போட்டதும் திரவத்துக்கு மேலே ஒரு ஓரம் நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள், முழுக்க முங்கியிருக்க வேண்டும். சர்க்கரையை நிறமாகக் காட்டும் டிஎன்எஸ் கரைசலை ஊற்றியபின் மாதிரி, ஸ்டாண்டர்டு, பிளாங்க் எல்லாமே ஒரே கொதிநீரில் ஒன்றாக 5 நிமிடம். தனித்தனியாகக் கொதிக்கவிட்டால் நிறம் உங்களை ஏமாற்றும்.

கே: திருப்பூரில் வாஷிங் யூனிட் வைத்திருக்கிறேன். செல்லுலேஸ் போட்டுத் துணியை மெருகேற்றும் பயோ வாஷ் முடிந்து தண்ணீரில் அலசிய பிறகும் துணி பலம் குறைகிறதே?

அண்ணே, வெறும் அலசலுக்கு அது போகாது. நொதியில் ஒரு பகுதி நாரைப் பிடித்துக்கொள்வதற்கென்றே இருக்கிறது. சோடா போட்டு பிஎச்சை ஏற்றி, 80 டிகிரிக்குச் சூடாக்கி அதைச் செயலிழக்க வைத்துவிட்டு அப்புறம் அலசுங்கள்.

கே: மரத்தைத் தின்னும் நொதியையும் எலும்பு மஜ்ஜையையும் ஒரே ஆய்வகத்தில் ஆராய்கிறார்களாமே, எப்படி? மானியம் கிடைக்கிற பக்கம் சாய்வதுதானே?

கொஞ்சம் அதுவும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரே குழு க்ளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் என்ற பாக்டீரியாவின் செல்லுலேஸையும், மஜ்ஜைச் செல்களை உடலுக்கு வெளியே வளர்ப்பதையும் எடுத்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. இரண்டிலும் வேலை நடப்பது ஒரு திடப்பொருளின் மேல். உள்ளே எது போகிறது, கழிவு எப்படி வெளியேறுகிறது என்பதுதான் இரண்டிலும் கேள்வி. செல்லுலேஸ் வெட்டிப்போட்ட செல்லோபயோஸ் என்ற சிறு சர்க்கரை தேங்கினால் அதே நொதி முடங்கும். மஜ்ஜை வளர்ப்பில் செல்களின் கழிவான லாக்டேட் தேங்கும், வளர்ச்சிக் காரணிகள் தீர்ந்துபோகும்.

மான்செஸ்டரில் மைக்கேல் டெக்ஸ்டர் 1977 வாக்கில் எலி மஜ்ஜையை மாதக்கணக்கில் உயிரோடு வைத்தார். குடுவையின் அடியில் ஸ்ட்ரோமா எனும் தாங்கு செல்கள் படிந்து ஒரு மெத்தை போல் ஆனபின் அதன்மேல் ரத்தச் செல்கள் உருவாகும். ஊட்டம் தரும் ஊடகத் திரவத்தில் பாதியை வாரம் ஒருமுறைதான் மாற்றுவார்கள். மனித மஜ்ஜை இப்படி வைத்தால் சீக்கிரம் அடங்கிவிடும். மிச்சிகன் குழு 1991இல் தினமும் பாதியை மாற்றிப் பார்த்தது, அவ்வளவுதான், செல்களும் கூடின, வளர்ப்பும் அதிக நாள் தாங்கியது. ரோசெஸ்டர் குழு தட்டையான குடுவையையே விட்டுவிட்டு, துளைகள் நிறைந்த நுண்கோளங்களை அடுக்கி அதற்குள் எலி மஜ்ஜையை வளர்த்தது. தட்டையில் பெரும்பாலும் மைலாய்டு எனும் ஒருவகை வெள்ளணு வரிசையின் செல்களே வரும். முப்பரிமாணத்தில் சிவப்பணு வரிசை உட்படப் பல வகைகள் வந்தன. எனக்கு இதில் பிடித்த பாகம் இதுதான், புதிதாக ஒரு மருந்தும் சேர்க்காமல் இடத்தை மட்டும் மாற்றியது.

கே: அப்போ மாற்று சிகிச்சைக்கு மஜ்ஜையை வளர்த்தே கொடுத்துவிடலாமா?

பெரும்பாலும் இன்னும் இல்லை. கொடையாளிக்கு, மஜ்ஜைச் செல்களை ரத்தத்துக்கு வரவைக்கும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டு ரத்தத்திலிருந்தே செல்களை எடுத்துவிடுகிறார்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் செல் குறைவு என்பதால் அங்கேதான் வளர்ப்பு உதவுகிறது. அப்படி நிக்கோட்டினமைடு என்ற வைட்டமினோடு வளர்த்த ஒமிடுபிசெல் என்ற செல் சிகிச்சைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வீட்டில் யாருக்காவது என்றால் ரத்தநோய் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

கே: மஜ்ஜை வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் குதிரை சீரம் புது பாட்டில் திறந்ததிலிருந்து ஸ்ட்ரோமா சரியாகப் படியவில்லை அக்கா.

லாட் நம்பர், அதாவது தயாரிப்புத் தொகுதி, மாறியிருக்கும். மூன்று நான்கு லாட்டுக்குச் சாம்பிள் கேட்டு வாங்கி, ஒரே மஜ்ஜையைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். நன்றாகப் படிகிற லாட்டை வருடத்துக்குச் சேர்த்து வாங்கி ஃப்ரீசரில் போடுங்கள். ஊடகத்தில் சேர்க்கும் ஹைட்ரோகார்டிசோன் ஹார்மோனையும் புதிதாகக் கரையுங்கள். இன்குபேட்டர் 33 டிகிரியில்தானே இருக்கிறது? யாராவது 37க்குத் திருப்பி வைத்திருக்கப் போகிறார்கள், முதலில் அதைப் பாருங்கள்.