பிஞ்சிலேயே வெம்பி விழும் ஸ்பகெட்டி ஸ்குவாஷ்

கேள்வி: டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறோம். வீட்டுப் பின்வளவில் நட்ட இரண்டு ஸ்பகெட்டி ஸ்குவாஷ் (சதை நூல் நூலாகப் பிரியும் பூசணி வகை) கொடிகள் செழிப்பாகப் படர்ந்து நிறையப் பூக்கின்றன. ஆனால், பிஞ்சுகள் விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடுகின்றன. உரத்தைக் கூட்டிப் போட்டும் பயனில்லை. என்ன செய்யலாம்? காய்த்தால் அதன் விதையை எடுத்து அடுத்த ஆண்டு நடலாமா?

பதில்: முதலில் உரமிடுவதை நிறுத்துங்கள். தழைச்சத்து மிகுந்தால் கொடி இலையும் தண்டுமாகப் பெருக்குமே தவிர, பெண் பூக்களைத் தாமதப்படுத்தும். நீங்கள் விவரித்துள்ள அறிகுறி சத்துக் குறைவுடையதன்று. மகரந்தம் சேராத பிஞ்சு வெம்பும் விதம் அதுதான். பெண் பூவின் அடியில் பூ விரிவதற்கு முன்பே குட்டிக் காய் போன்ற ஒரு புடைப்பு இருக்கும். அதைக் காய் பிடித்துவிட்டதன் அடையாளமாகப் பலரும் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது வெறும் சூலகமே. போதிய மகரந்தம் கிடைக்காவிட்டால் சில நாட்களில் பூ இருந்த நுனியிலிருந்து மஞ்சளாகி வாடிவிடும்.

ஸ்குவாஷ் சேர்ந்த பூசணிக் குடும்பத்தின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறந்து போகாது. தேனீக்கள்தான் அதைச் சுமக்க வேண்டும். தென் ஒன்ராறியோவில் பூசணிப் பூக்களையே நம்பி வாழும் ஒரு காட்டுத் தேனீ இனம் உண்டு. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அது, விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடும். நண்பகலில் மூடிக்கொண்ட பூ ஒன்றை மெல்லப் பிரித்துப் பார்த்தால், உள்ளே ஆண் தேனீ உறங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். உங்கள் வளவில் அப்படி எதுவும் தென்படவில்லை என்றால், அந்த வேலையை நீங்களே செய்ய வேண்டியதுதான்.

பூ ஒரே ஒரு காலைப்பொழுதுக்குத்தான் விரிந்திருக்கும் என்பதால், ஒன்பது மணிக்குள் தோட்டத்தில் இருப்பது நல்லது. அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறியுங்கள். அது மெல்லிய நீண்ட காம்பில், அடியில் புடைப்பின்றி நிற்கும். இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் மஞ்சள் பொடி படிந்த தண்டைப் பெண் பூவின் நடுவே உள்ள சூல்முடியின் எல்லா மடல்களிலும் படுமாறு தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் கோணலாக வளரக்கூடும். ஆண் பூ கிடைக்காத நாளில் பக்கத்திலுள்ள சுக்கினியின் ஆண் பூவும் உதவும். இரண்டும் ஒரே இனம், காயின் உருவமும் சுவையும் மாறிவிடாது. கொடியில் ஏற்கெனவே நான்கைந்து காய்கள் தேறியிருந்தால் புதிய பிஞ்சுகளைக் கொடி தானாகவே உதிர்த்துவிடும். அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

காய் பிடித்ததிலிருந்து முற்றுவதற்கு ஏழெட்டு வாரங்கள் வேண்டும். அக்டோபரில் உறைபனி வந்துவிடும் என்பதால், ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின் வரும் பிஞ்சுகளைக் கிள்ளிவிட்டால் இருக்கும் காய்களுக்குச் சத்து போகும். கொடி முழுதும் திடீரென வாடி, தண்டின் அடியில் ஈரமான மரத்தூள் போன்ற கழிவு தெரிந்தால் தண்டுத் துளைப்பான் புகுந்துவிட்டது என்று பொருள். அவ்விடத்தைக் கத்தியால் நீளவாக்கில் கீறிப் புழுவை எடுத்துவிட்டு, ஈரமண்ணால் மூடி நீர் ஊற்றி வந்தால் பல சமயம் கொடி பிழைத்துக்கொள்ளும்.

தோல் அடர் மஞ்சளாகி, நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகியதும், இரண்டு அங்குலக் காம்பை விட்டு அறுங்கள். குளிர்ந்த உலர்ந்த அறையில் ஓரிரண்டு மாதங்கள் தாராளமாக இருக்கும். சமைக்கும்போது நீளவாக்கில் பிளக்காமல் குறுக்கே வளையங்களாக வெட்டுங்கள். நார்கள் காயைச் சுற்றிச் சுற்றி ஓடுவதால் அப்படி வெட்டினால்தான் நீளமான இழைகள் கிடைக்கும்.

விதையைப் பொறுத்தவரை என் ஆலோசனை, எடுக்க வேண்டாம் என்பதே. அக்கம்பக்கத்து வளவுகளிலுள்ள சுக்கினி, ஹாலோவீன் பூசணி, அழகுக்கு வளர்க்கும் சிறு சுரைகள் பலவும் இதனோடு கலக்கும் இனத்தவை. இந்த ஆண்டுக் காயில் அக்கலப்பு தெரியாது. அதன் விதையிலிருந்து அடுத்த ஆண்டு முளைக்கும் கொடியில்தான் தெரியும். போதாததற்கு, கடையில் வாங்கும் விதை கலப்பின வகையாக இருந்தால், வேறெதனோடும் கலக்காவிட்டாலும் தாய்க்கொடியைப் போலவே வராது. அழகுச் சுரையோடு கலந்த விதையின் காயில் குக்கர்பிட்டாசின் என்னும் நச்சுக் கசப்பு ஏறியிருக்கலாம். அது கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். பாகற்காய்க்குப் பழகிய நம் நாக்கு கசப்பைப் பொருட்படுத்தாது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பாகற்காயின் கசப்பு வேறு, இது வேறு. ஸ்குவாஷ் எதுவாயினும், ஒரு துண்டு கசந்தாலும் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது.